காணாமல் போன அடிவரி

செயலிகளைச் சோதிக்கும் பெண் கைப்பேசியை அவன் மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"எழுத்தைப் பெருசாக்கினா உங்க அடிவரியையே காணோம் சார்."

ஆலையில் ரசாயனத் தொட்டி கழுவுகிறவர்களுக்கு அவன் எழுதிய செயலி அது. அன்று காலைதான் எல்லோர் கைப்பேசிக்கும் போயிருந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்கிய செய்தி தமிழில் இரண்டு வரியானது. செய்தி தெரியும் பெட்டியின் உயரத்தை அவன் தன் கைப்பேசியை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தான். பெரிய எழுத்தில், 'இன்று தொட்டி கழுவப்படும்' என்பதோடு செய்தி நின்றது. 'வாயு சோதனை முடியும்வரை இறங்காதீர்கள்' என்பது பொத்தானுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது.

அதே ஆலையில் தொட்டி கழுவும் அண்ணன் கண் மங்குகிறது என்றதும் அவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவனே அவன்தான்.

கூப்பிட்டுப் பார்த்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. படிகளில் விழுந்தடித்து இறங்கி, தொட்டிகள் இருக்கும் பின்கட்டுக்கு ஓடினான்.

அண்ணனின் ஒரு கால் தொட்டிக்குள், ஏணியில் இருந்தது.

"இறங்காதண்ணே! உள்ள வாயு!"

"ஏன்டா அலர்றே? கழுவணும்னுதானே வந்திருக்கு?"

"அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்குண்ணே. உன் போன்ல தெரியாது."

அண்ணன் காலை வெளியே இழுத்தார். அடுத்த தொட்டிப் பக்கம் திரும்பி, "எவனும் இறங்காதீங்கடா!" என்று கத்தினார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"உன் போன்ல தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுண்ணே."

"உனக்குத் தெரிஞ்சா போதும்னா, அப்ப நீயே இறங்கியிருக்க வேண்டியதுதானே" என்று ரப்பர் கையுறையைக் கழற்றி அவன் மார்பில் வீசினார்.