எண் இல்லாத ஸ்பானர்

காவல்துறையின் மூன்று ஹெலிகாப்டர்களுக்கும் பராமரிப்புத் தலைவி அவள்தான். கொட்டகைச் சுவரில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கறுப்பாக வரைந்து வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் கருவி தன் உருவத்தின் மேல் போய்த் தொங்க வேண்டும். ஓர் இடம் காலியென்றாலும் எந்த ஹெலிகாப்டரும் கிளம்பாது; கருவி அதற்குள் கிடக்கலாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவார்கள். பேசட்டுமே, இதுவரை ஒன்றும் விழவில்லை.

அன்று காலை ஓர் இடமும் காலியில்லை. ஆனால் பத்தாம் நம்பர் ஸ்பானர் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி மினுக்கியது. எடுத்துத் திருப்பினாள். எல்லாக் கருவியிலும் அவள் கையால் பொறித்திருந்த அடையாள எண் அதில் இல்லை.

அப்படியானால் பழையது எங்கே? இரண்டு நாள் பிரித்து மாட்டிய ஹெலிகாப்டர் வெளியே நின்றது. பைலட் ஏறி உட்கார்ந்தாயிற்று. வேலை சரியென்று கையெழுத்துப் போட்டிருந்தவன் அவள் கொழுந்தன். மாமியாரின் நச்சரிப்பு தாங்காமல் அவளே சேர்த்துவிட்ட பிள்ளை.

"தம்பி, இது ஏது?"

"பழசு உடைஞ்சு போச்சு அண்ணி. புதுசு வாங்கி மாட்டிட்டேன். எண் போடச் சொல்ல மறந்துட்டேன்."

"உடைஞ்ச துண்டு?"

"குப்பையில போட்டுட்டேன்."

குப்பை வண்டி நேற்றே போய்விட்டது. நல்ல வசதியான பதில். மேலதிகாரியோ சீக்கிரம் அனுப்பச் சொல்லி மூன்றாம் முறையாகப் போன் செய்துவிட்டார். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு: கையெழுத்துப் போட்டவன் முதல் பயணத்தில் கூடவே போக வேண்டும்.

"சரி, ஏறு," என்றாள்.

வயிற்றுவலி என்பான், தலைசுற்றல் என்பான் என்று காத்திருந்தாள். அவனோ ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டான். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டுப் பிள்ளையைப் போய் பொய்யனாகப் பார்த்தோமே என்றிருந்தது. இறக்கை சுழன்றது. போகலாம் என்று கையைத் தூக்கினாள்.

அப்போதுதான் அவன் கால்களைக் கவனித்தாள். தரையில் ஊன்றாமல் இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்திருந்தான். பார்வை காலடியிலிருந்த தரைத்தகட்டை விட்டு அசையவில்லை.

இரு கைகளையும் குறுக்கே போட்டாள். எஞ்சின் நின்றது. தகட்டைக் கழற்றினார்கள். பைலட்டின் பிடியோடு சேர்ந்து அசையும் கம்பிக்கு அருகில் பழைய ஸ்பானர் கிடந்தது, அவள் பொறித்த எண்ணோடு. பைலட் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க விழுந்துச்சுன்னு நிச்சயமாத் தெரியல அண்ணி. சொன்னா வேலை போயிடும்னு பயந்தேன்." அவன் அழுதான். "எப்படியும் நீங்க விட மாட்டீங்கன்னு நம்பித்தான் ஏறினேன்."

அவள் பழைய ஸ்பானரைக் கையில் எடுத்தாள்.

"விட்டுட்டேன் தம்பி," என்றாள். "போகச் சொல்லித்தான் முதல்ல கையைத் தூக்கினேன்."