நடு வட்டம்

அறுபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டங்கள். 'முற்றிலும் சரி' முதல் 'முற்றிலும் தவறு' வரை ஏதாவது ஒன்றைக் கறுப்பாக நிரப்ப வேண்டும்.

யுத்தம் முடிந்து எட்டு மாதம். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் திறந்த அந்தத் தொண்டு நிறுவனக் கிளை மூடப்பட இருந்தது. மிஞ்சப்போவது ஒரே வேலை, வாகரைப் பொறுப்பாளர்; அதற்கு ஆளெடுக்கத்தான் இந்தக் கேள்வித்தாள். ஐந்து வருடம் அங்கே வீடு வீடாக அலைந்த கிருஷாந்தினி, அது தனக்குத்தான் என்று நம்பியிருந்தாள்.

"இதில சரி பிழை இல்ல. உங்கட குணத்த அறியத்தான்" என்றார், கொழும்பிலிருந்து வந்த அதிகாரி அருமைநாயகம்.

'நெருக்கடியில் நானே முடிவெடுப்பேன்' என்ற வரியில் அவள் பேனா நின்றது. பக்கத்தில் நிதுர்ஷன். அவளிடம் வேலை பழகியவன். மூன்று வருடமாக அவள் சோற்றுப் பார்சலில் பாதி தின்றவன்.

"அக்கா, ஆமி செக்பொயின்ற் வரிசையில எப்பிடி நிப்பம்? முன்னுக்கும் இல்லாம, பின்னுக்கும் இல்லாம, நடுவிலதானே? இதிலயும் நடு வட்டத்தப் போடுங்க. 'நானே முடிவெடுப்பன்' எண்டா பேரக் குறிச்சு வெச்சிருவாங்க."

"நீயும் நடுதானா?"

"மறுகா என்ன, நடுதான்!"

அந்த நடுதான் இத்தனை வருடமும் எல்லோரையும் உயிரோடு வீடு சேர்த்தது. பத்தே நிமிடத்தில் அறுபதையும் நிரப்பிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அருமைநாயகம் அழைத்தார். மேசையில் இரண்டு தாள்கள்.

"முடிவெடுக்கத் தெரியாதவர் எண்டு வந்திரிக்கு, பிள்ள."

"சேர், சண்டைக்குள்ள எழுபது குடும்பத்தக் காட்டால கூட்டி வந்தது நான்தான்."

"அத ஏன் இதில காட்டல்ல? முடிவக் கொழும்புக்கு அனுப்பியாச்சே."

அவள் மற்றத் தாளைப் பார்த்தாள். நிதுர்ஷனின் பெயர். கறுப்பு வட்டங்கள் எல்லாம் 'முற்றிலும் சரி' ஓரத்தில். நடுவில் ஒன்றுகூட இல்லை.

அவன் வாசலில் நின்றான். "கோவிக்காதீங்கக்கா. எனக்கும் இந்த வேல வேணும்தானே."

"வேணுமெண்டு சொல்லியிருந்தா போட்டி போட்டிருப்பம். என்னத்துக்கு எனக்குப் பொய் சொன்னாய்?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"நாளைக்கே வாகரைப் பக்கம் கதிரவெளிக்குப் போகச் சொல்றாங்க. ஆர்ர வீட்ட முதல்ல போறது? உங்கட கொப்பியத் தாங்களன்."

எந்த வீட்டில் மகனைப் பற்றிக் கேட்கக்கூடாது என்பதுவரை, ஐந்து வருடமாக அவள் எழுதிவந்த அந்தக் குறிப்புக் கொப்பியில் இருந்தது. அவள் அதைப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினாள்.

"முன் வீட்டுக்கும் போகாத, பின் வீட்டுக்கும் போகாத, தம்பி. நடு வீட்டுக்குப் போ. தப்பிருவாய்."