லைனை எடுத்துடலாம்

அந்த வார்டில் நர்ஸுகள் டாக்டருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் உடும்பு. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். மற்றவர்கள் கையை விரித்துவிட்ட குழந்தைகளின் நரம்பைக்கூடத் தேடிப் பிடித்துவிடுவாள். பெயர் அவள் காதுக்கும் வந்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் உள்ளூர அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

மிளகுக்கு லைன் போட்டதும் அவள்தான். மிளகு என்பது அப்பா செல்லமாக வைத்த பெயர். மாதம் நிறையாமல், உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அளவில் பிறந்த பெண்குழந்தை. குடல் பாலுக்குப் பழகும்வரை சத்தெல்லாம் ரத்தத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். அதற்காக முழங்கை மடிப்பில் நுழைந்து இதயத்துக்குப் பக்கம்வரை போகும் ஒரு குழாய், தையல் நூல் கனத்தில். அதைத்தான் லைன் என்பார்கள். ஒரு கையிலும் இரண்டு காலிலும் முயன்று தோற்ற பிறகு, கழுத்து வலிக்க வலிக்கக் குனிந்து நின்று, கடைசி நரம்பில் ஏற்றிய லைன் அது.

ஒரு காலை அவள் ரவுண்ட்ஸுக்கு வந்தபோது தலைமை நர்ஸ் இன்குபேட்டரை விட்டு நகராமல் நின்றிருந்தாள்.

"நேத்து என் கையை எட்டி உதைச்சவ டாக்டர் இவ. இன்னைக்குத் தொட்டாக்கூட அசைய மாட்டேங்குறா."

மிளகின் தோல் திட்டுத்திட்டாக வெளிறிக் கிடந்தது. நடுநடுவே மூச்சு விடவே மறந்துபோனாள். உள்ளங்காலைச் சுண்டினால்தான் நினைவு வந்தது. டாக்டர் வேறு எதையும் யோசிக்கவில்லை. கையிலும் காலிலுமாக இரண்டு இடத்தில் ரத்தம் எடுத்தாள், முதுகுத்தண்டு நீரும் எடுத்தாள். முடிவு வரட்டும் என்று காத்திராமல் கிருமிக்கான மருந்தை ஆரம்பித்தாள். மூக்குக்குழாய் வழியாகத் துளித்துளியாகக் கொடுத்துவந்த தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னாள்.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. இரண்டு ரத்தத்திலும் ஒரே கிருமி. நம் எல்லோர் தோலிலும் வாடகையில்லாமல் குடியிருக்கிற சாதாரணக் கிருமிதான். முதுகுநீர் சுத்தம், எக்ஸ்ரேயில் நுரையீரலும் சுத்தம். மிச்சமிருந்தது லைன் ஒன்றுதான்.

"எடுத்துடலாமா டாக்டர்?" என்றாள் தலைமை நர்ஸ்.

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர். இது மருந்துக்கு அடங்குற கிருமி. லைனை வச்சுக்கிட்டே பார்க்கலாம். எடுத்துட்டா அடுத்தது எங்க போடுறது? இவகிட்ட நரம்பு எங்க இருக்கு?"

அது தப்பான முடிவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. தலைமை நர்ஸும் சொல்லவில்லை.

பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மா போக்குவரத்துப் போலீஸ். பிரசவ விடுப்பில் இருந்தாலும் குரல் மட்டும் நடுரோட்டில் லாரியை நிறுத்தும் குரல். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பயம் வந்தால் வேடிக்கையாகப் பேச ஆரம்பித்துவிடுவார். அன்று மனைவியை ஒட்டியே நின்றார்.

"ரத்தத்துல கிருமின்னா, அது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் அம்மா.

இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு வருவதுதான் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. டாக்டருக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"லைன் வழியாம்மா. அதைத் தொட்ட எங்க கையில ஏதோ ஒண்ணுலேருந்து வந்திருக்கும். யாரு கைன்னு தெரியாது. என் கையாவும் இருக்கலாம்."

அம்மாவின் முகம் சிவந்தது. "என்னை உள்ள விட மோதிரத்தைக் கழட்டு, வளையலைக் கழட்டு, முழங்கை வரைக்கும் தேய்னு சொன்னீங்களே. தோல் உரியத் தேய்ச்சேன் நான். நீங்க?"

"நாங்களும் தேய்க்கிறோம். எங்கயோ ஒரு தடவை தவறியிருக்கு."

"விடும்மா, டாக்டர் வேணும்னா செஞ்சாங்க?" என்று அப்பா அவள் கையைப் பிடித்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்று உதறிவிட்டு வெளியே போனாள்.

மறுபடி எடுத்த ரத்தத்திலும் கிருமி இருந்தது. மருந்து போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் கிருமி குழாயின் உள்சுவரில் பாசி மாதிரி ஒட்டிக்கொண்டு அசைந்துகொடுக்கவில்லை. மிளகு இன்னும் வெளிறிப்போயிருந்தாள்.

டாக்டர் இன்குபேட்டர் முன்னால் நின்று அந்தக் கையையே பார்த்தாள். இந்த லைனை நான் குழந்தைக்காகப் பிடித்துவைத்திருக்கிறேனா, போடுவதற்குப் பட்ட பாட்டுக்காகவா? அந்தக் கேள்வி வந்த பிறகு அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"சிஸ்டர், லைனை எடுத்துடலாம்."

பிளாஸ்டரை நனைத்து மெல்ல உரித்ததும், அவ்வளவு பாடுபட்டு ஏற்றியது வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.

அதன் பிறகுதான் உண்மையான பாடு. மருந்து போயே ஆக வேண்டும். தலையில் ஒரு சின்ன ஊசி போட்டால் அது வீங்கிவிடும். பாதத்துக்கு மாற்றினால் அங்கேயும் வீங்கும். அந்த மெல்லிய நரம்புகளில் சத்து நீரை முழுதாக ஏற்றவும் முடியாது. குழந்தை கொஞ்சம் தேறி, வயிறு மெத்தென்று ஆனதும், டாக்டர் அம்மாவைத் தேடிப் போனாள்.

"பால் வேணும்மா. வயித்து வழியாப் பால் ஏறிட்டா எனக்கு இன்னொரு லைனே வேண்டாம்."

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க நிறுத்தச் சொன்னதுலேருந்து பீய்ச்சவே மனசு வரல. கோபத்துல வத்தியே போச்சு."

"கோபத்தை நீங்களே வச்சுக்கோங்க. பாலை மட்டும் எனக்குக் கொடுங்க."

அம்மா எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு, பால் எடுக்கும் அறைக்குள் நுழைந்தாள். முதல்முறை பாட்டிலின் அடி நனைந்ததோடு சரி. அதையும் வீணாக்காமல் குழந்தையின் நாக்கில் தடவினார்கள். அம்மா விடவில்லை. சாப்பிடுகிறாளோ தூங்குகிறாளோ, வேளை தவறாமல் அந்த அறைக்குப் போனாள். பாட்டிலை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அப்பா, "லைசென்ஸ் கேக்குற மாதிரி மிரட்டாத, பயந்துக்கிட்டு வராமப் போயிடும்," என்றார். பிள்ளை பிறந்த பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

வார்டிலும் ஒரு மாற்றம் வந்தது. இனி யாரும் தனியாக லைனைத் தொடக் கூடாது. ஒருத்தர் செய்ய, ஒருத்தர் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும். பார்ப்பவர் நிறுத்து என்றால் யாராக இருந்தாலும் நிறுத்தியாக வேண்டும். டாக்டரும் தலைமை நர்ஸும் சேர்ந்து எடுத்த முடிவு அது. முதலில் மாட்டியது டாக்டரேதான்.

"நிறுத்துங்க டாக்டர். லைன் மூடியில தேய்ச்ச ஸ்பிரிட் இன்னும் காயல."

சுருக்கென்றுதான் இருந்தது. "ஆமா," என்று கையை எடுத்துவிட்டு, முதலிலிருந்து தேய்த்தாள். ஒவ்வொரு குழந்தையின் லைனையும் பார்த்து, "இவனுக்கு இன்னைக்கும் இது தேவைதானா?" என்று தினமும் கேட்கவும் ஆரம்பித்தாள். தேவையில்லை என்று தெரிந்தால் நாளைக்குத் தள்ளிப்போடுவதில்லை.

மிளகின் அடுத்த ரத்தத்தில் கிருமி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஒருமுறை வயிறு உப்பி, பாலை நிறுத்தவேண்டி வந்தது. அம்மா வார்டுக்கும் வராந்தாவுக்குமாக நடந்தே தேய்ந்தாள். வயிறு தணிந்தது. மறுபடி சொட்டிலிருந்து தொடங்கினார்கள். சொட்டு ஸ்பூன் ஆனது, ஸ்பூன் பாலாடைச் சங்கு அளவு ஆனது. மருந்துக் கெடு முடிந்ததும் கடைசி ஊசியையும் கழற்றினார்கள். இன்னொரு லைன் போடவே வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் கன்னம் உப்பிய மிளகைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அம்மா டாக்டரிடம் வந்தாள்.

"கோபம் எனக்கு இன்னும் போகல டாக்டர். சொல்லாமப் போனா மனசு கேக்காது."

"போகலைன்னாலும் சரிம்மா. அதுக்காகச் செக்கப்புக்கு வராம இருந்துடாதீங்க."

"வருவேன். உங்ககிட்டதான் வருவேன். கேட்டதுக்கு நீங்க மழுப்பல."

மிளகு அதற்குள் பசி என்று வீறிட ஆரம்பித்திருந்தாள். அப்பா கீழே வேனை நிறுத்திவிட்டு, இன்னும் காணோமே என்று போன் செய்துகொண்டே இருந்தார். அம்மா போனை எடுக்காமல், வார்டு வாசல் பெஞ்சிலேயே சாவகாசமாக உட்கார்ந்து பால் கொடுத்தாள்.