குடலிறக்கம் என்று சொன்னார்கள்

"தாழ் போட்டிருக்கியா?" என்று மறுபடியும் கேட்டார் கண்டக்டர். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான்.

போட்டிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. காற்றில்லாத அந்த அறையில் அவர் மனைவி சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, மகள் கட்டைப் பிரித்தாள். இடது மார்பின் அடியில் விரல் நுழையும் அளவுக்குத் தையல் விட்டிருந்தது. துணியெல்லாம் சீழ். அறையெங்கும் நாற்றம். அம்மாவின் நெற்றி அனலாகக் கொதித்தது.

"அப்பா, ஆட்டோ கூப்பிடுங்க. காய்ச்சல் வந்தா உடனே வரணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"கொஞ்சம் இருட்டட்டும். தெருவே வாசல்ல உக்காந்திருக்கு. நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு இறங்கினா என்ன நினைப்பாங்க? குடலிறக்கம்னுல்ல சொல்லி வச்சிருக்கோம்!"

சொல்லி வைத்தவர் அவர்தான்.

அவர் மனைவி தையல்காரி. குனிந்து மிஷின் மிதித்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை குத்தும் வலி. உள்ளாடைப் பட்டி அழுத்தித் தோளில் பள்ளம். மார்புக்கு அடியில் எந்தக் களிம்புக்கும் ஆறாத வேர்வைப் புண். இளம் வயதிலேயே ஒரு டாக்டர், ஆபரேஷன் பண்ணி மார்பின் பாரத்தைக் குறைத்துவிடலாம் என்றார். கல்யாணம் ஆகட்டும் என்றாள் தாய். கல்யாணம் ஆனதும், பிள்ளை பால் குடிக்கட்டும் என்றாள் மாமியார். பிள்ளை பாலை மறந்ததும், "எனக்கு ஒரு குறையும் தெரியலையே" என்று சிரித்தார் கண்டக்டர். வலி என்ன அவர் முதுகிலா இருந்தது? ஐம்பது தாண்டியதும், கிழவிக்கு எதற்கு அழகு என்றார்கள். வலிக்கிறது என்று அவள் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை.

கடைசியில் மகள்தான் அழைத்துப் போனாள். டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை.

"வயசானா பண்ணக் கூடாதுன்னு இல்லம்மா. உங்க வயசுக்காரங்க எத்தனையோ பேர் பண்ணிக்கிட்டு நிம்மதியா இருக்காங்க. ஆனா சின்னப் பொண்ணுங்களுக்கு ஆறுற வேகத்துல உங்களுக்கு ஆறாது. சீழ் பிடிக்கிற பயமும் கூட. சர்க்கரை வேற இருக்கு. அதனால கனம் தூக்காதீங்க, கையை மேல தூக்காதீங்க. லேசா சிவந்தாலும் ஓடி வாங்க."

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் கண்டக்டர் அவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழக்கினார். அவளும் நடந்தாள். அதனால் வந்தது வினை. நலம் விசாரிக்க வந்த மாடிவீட்டு அக்கா, "வயித்துலதானே ஆபரேஷன்? மார்ல சாச்சிக்கங்க, தோ வந்துடறேன்" என்று துள்ளுகிற பேரனை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வாயைத் திறக்காதே என்று கண்டக்டர் கண்ணைக் காட்டினார். குழந்தை எட்டி உதைத்தது. ரவிக்கை ரத்தத்தில் நனைந்தது. அன்றைக்கே போயிருந்தால் சின்ன விஷயமாக முடிந்திருக்கும். "தானா காஞ்சிடும்" என்றார் அவர்.

இப்போது மனைவி கண்ணைத் திறந்தாள். "நான் செத்தாலும் குடலிறக்கத்துல செத்தான்னுதான் சொல்வீங்களா?"

"உனக்காகவா சொல்றேன்? இவளை ஒருத்தன் கையில பிடிச்சிக் குடுக்க வேணாமா? அம்மாவுக்கே இப்படியாம், பொண்ணுக்கு எப்படியோன்னு பேசுவாங்கடி!"

மகளுக்கும் அம்மாவின் உடம்புதான். துப்பட்டாவை இரண்டு மடிப்பாகப் போட்டு, தோளைக் குறுக்கியே நடப்பாள். கை கழுவிக்கொண்டிருந்தவள் இதைக் கேட்டு அப்படியே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த தாய், சுவரைப் பிடித்து எழுந்து, கதவைத் திறந்து, நெஞ்சைக் கையால் தாங்கிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"என்னாச்சு? வயித்துல வலியா?" என்று மாடிவீட்டு அக்கா ஓடி வந்தாள்.

"வயிறு இல்லக்கா. மாரு. பாரம் தாங்காம குறைச்சிக்கிட்டேன். தையல் விட்டுப்போச்சு."



"அடிப்பாவி, அன்னைக்கே சொல்லியிருந்தா குழந்தையைக் குடுத்திருப்பேனா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அக்கா. ஆட்டோவில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனவளும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் புண்ணை மறுபடியும் அறுத்துச் சுத்தம் செய்தார்கள். காய்ச்சல் இறங்க மறுத்தது. பிழைப்பாளா என்று மகள் வராந்தாவில் அழுத நாட்களில், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கண்டக்டர் ஒரே பாட்டைப் பாடினார்: "எல்லாம் வயசுங்க. வயசான உடம்புல தையல் எங்க கூடும்?" தாமதமாகக் கூட்டி வந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒருவழியாகக் காய்ச்சல் விட்டது. புண் ஆற மாதக்கணக்காகும் என்றார் டாக்டரம்மா. படுத்திருந்தவள் மகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இவளுக்கும் அதே பாரம்தான், டாக்டரம்மா. நல்லது கெட்டது எல்லாத்தையும் சொல்லுங்க. பின்னால பால் குறையலாம்னா அதையும் மறைக்காம சொல்லுங்க. கேட்டுட்டு அவ முடிவு பண்ணட்டும்."

கண்டக்டர் பதறிப்போனார். "என்னடி இது? இந்தச் சின்ன வயசுலயா?"

மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்தாள்.