மூக்கின் மேல் ஒரு கோடு

"என் கார்டு காப்பி உங்ககிட்ட இன்னும் இருக்காண்ணே?" என்று நர்ஸ் கேட்டதும், ஜெராக்ஸ் கடைக்காரரின் வாய் அவரைக் கலந்தாலோசிக்காமலேயே "இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் உறைத்தது. போன மாதம் இதே பெண் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "கார்டு எதுக்கும்மா, நீயே எங்கிட்ட இருக்கியே" என்று கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டியவர் அவர்தான். அந்த வசனத்துக்கு அவரே ரசித்துச் சிரித்தும் இருந்தார். பொய் சொல்கிறவனுக்கு வேறெது இல்லாவிட்டாலும் போன மாதமாவது ஞாபகம் இருக்க வேண்டும்.

"போன மாசம் கார்டே இல்லாம எடுத்துக் குடுத்தீங்களே."

"ஆமா... அது... இருக்குன்னுதான் நினைக்கிறேன்."

அவள் கோபப்படவில்லை. இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தாள்; கண் சிவந்திருந்தது. யாரோ அவள் கார்டு நகலைக் கொடுத்து அவள் பெயரில் சிம் வாங்கி, அந்த எண்ணிலிருந்து பத்திருபது பேரை மிரட்டியிருக்கிறான். போலீஸ் அவளைக் கூப்பிட்டு இரண்டு தடவை விசாரித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து.

"எங்கெங்க காப்பி எடுத்தேன்னு கேட்டாங்கண்ணே. உங்க கடையச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வருவாங்க. நான் உங்களத் தப்பா நினைக்கல."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை என்னவோ செய்தது. தப்பாக நினைத்திருந்தால் இரண்டு வார்த்தை சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவள் போனதும் அந்த ஃபோல்டரைத் திறந்தார். பெயர் 'தேவைப்பட்டால்'. பதினோரு வருடமாக அந்தக் கடைக்கு வந்த ஒருவரையும் அவர் அழித்ததில்லை. அடையாள அட்டைகள், மதிப்பெண் சான்றிதழ்கள், ஒருவருடைய விவாகரத்து மனு, மருத்துவ அறிக்கைகள், இன்னும் கல்யாணம் ஆகாத ஒரு வாத்தியாரின் பதினேழு விதமான பாஸ்போர்ட் போட்டோக்கள். மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம் பேர். வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு அவர்களையே எடுத்து நீட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் நிம்மதி இருக்கிறதே, அதற்காகத்தான் வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் கூடப் போடவில்லை. போட்டால் முதலில் மறப்பது அவராகத்தான் இருக்கும். கூட்ட நேரத்தில் அவசரக்காரர்கள் தாங்களே உள்ளே வந்து மவுஸைப் பிடித்ததும் உண்டு. அவர்களில் ஒருவன் எடுத்துக்கொண்டு போயிருந்தால்?

"எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடட்டுமா?" என்று லாமினேஷன் மெஷின் அருகில் இருந்த மனைவியைக் கேட்டார்.

அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "இன்னைக்கு அழிச்சீங்கன்னா திருடன். அழிக்காம நாளைக்குக் காட்டினா முட்டாள். முட்டாளாவே இருங்க. உங்களுக்கு அது பழக்கம்."

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் சொன்ன மிக ஆறுதலான வார்த்தை அதுதான்.

மறுநாள் வந்த சைபர் பிரிவு அதிகாரி ஒல்லியாக, பள்ளிக்கூட கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். கூடவே நர்ஸும். கடைக்காரர் வணக்கம் சொல்வதற்கு முன்பே, "சார், இருக்கு சார். இவங்களோடது மட்டுமில்ல, ஊர்ல பாதிப் பேரோடது இருக்கு" என்று கொட்டிவிட்டார். நேற்று இல்லையென்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்.

அதிகாரி ஃபோல்டரை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தார். உருட்டிக்கொண்டே இருந்தார்.

"யாரு உங்கள இதையெல்லாம் வச்சுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். தேவைப்படுமேன்னு..."

"யாருக்கு?"

அதிகாரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். சிம் வாங்கும்போது கொடுக்கப்பட்ட நர்ஸின் கார்டு நகல்.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். எதுவோ குறைந்தது. அந்த முகம் ரொம்பச் சுத்தமாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் யாரோ ஒருவருடைய விண்ணப்பத்தின் ஸ்டேப்ளர் பின் ஸ்கேனர் கண்ணாடியில் கீறிவிட்டது. அன்றிலிருந்து அந்த மூலையில் வைக்கும் எந்த அட்டையிலும், ஆளின் மூக்குக்குக் குறுக்கே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு விழும். கண்ணாடியை மாற்றச் சோம்பல். "உங்க கடையில எடுத்தா எல்லாருக்கும் மூக்கறுப்பு இலவசம்" என்று அந்தப் பதினேழு போட்டோ வாத்தியார் கிண்டல் செய்வார்.

"சார், இதுல கோடு இல்ல சார்!"

கம்ப்யூட்டரில் இருந்த நர்ஸைத் திறந்தார். மூக்கில் கோடு. அவளுக்கு முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர், ஒவ்வொரு மூக்கிலும் கோடு. அதே வேகத்தில் விவாகரத்து மனுவையும் திறந்துவிட்டு அவசரமாக மூடினார்.

"அந்தக் கோட்ட அழிச்சிட்டு யூஸ் பண்ணியிருந்தா?" என்றார் அதிகாரி.

"அழிக்கலாம் சார்," என்றாள் மனைவி. "ஆனா இவர் மூணு வருஷமா முயற்சி பண்றார். முடியல."

அதிகாரியின் உதடு லேசாக அசைந்தது. கோடு போட்ட நகல் ஒன்றையும், அடிக்கடி கடைக்குள் வந்து மவுஸைப் பிடிப்பவர்களின் பெயர்களையும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது திரும்பி, "இந்தத் தடவை கீறல் காப்பாத்திடுச்சு. இவங்க யாரும் உங்ககிட்ட தங்கறதுக்கு வரல. நான் சொன்னதும் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார்.

நான்கு நாள் கழித்து ஆள் பிடிபட்டான். நர்ஸ் புதுப் போன் வாங்கிய கடையில், கார்டைப் போட்டோ எடுத்துக்கொண்ட விற்பனையாளன். அதிகாரியிடமிருந்து போன் வந்ததும் கடைக்காரர் ஃபோல்டரை அழித்தார். திரையில் பச்சைப் பட்டை நகர நகர அவர் தோளிலிருந்து ஏதோ இறங்குவதுபோல் இருந்தது. பதினோரு வருடமாக ஆறாயிரம் பேரைச் சுமந்துகொண்டு நின்றது அப்போதுதான் தெரிந்தது. வாத்தியாரின் பதினேழு போட்டோக்களும் போயின. இனி அவர் பதினெட்டாவதை எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்த வாரம் நர்ஸ் வந்தாள். தூங்கி எழுந்த முகம். கார்டை நீட்டினாள். காப்பி எடுத்ததும் கடைக்காரர் மானிட்டரை அவள் பக்கம் திருப்பி, கீபோர்டையும் நகர்த்தி வைத்தார்.

"நீயே அழிச்சிடும்மா."

அவள் ஒற்றை விரலால் அழுத்தினாள். "அப்புறம் நான் கார்ட மறந்துட்டு வந்தா?"

"திரும்பிப் போய் எடுத்துட்டு வரணும்."

"இரக்கமே இல்லாம ஆயிட்டீங்கண்ணே" என்றாள் சிரித்துக்கொண்டே. வாசலில் இறங்கியவள் நின்றாள். சூடு ஆறாத அந்தத் தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, தன் மூக்கின் மேல் கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள்.