பரிசில்லை, ஃபீஸ்

ஞாயிற்றுக்கிழமைகளில் கபடிக்கு நடுவராக நிற்கும் காந்திமதி, மற்ற ஆறு நாளும் ஒரகடம் கம்பெனியில் பிரேக் பாகங்களைச் சோதித்து அனுப்புகிறவள். அவள் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பான உருப்படியை லைனைத் தாண்டவிட்டவன் இன்னும் பிறக்கவில்லை. அப்பேர்ப்பட்டவளுடைய வரிக் கணக்கிலேயே தப்பு விழுந்திருந்தது.

"போன வருஷம் லீக்ல நீங்க வாங்கின பணத்தை லீக்காரா பரிசுன்னு காட்டியிருக்கா. பரிசுக்கு முப்பது பர்சென்ட் வரி. அதுல ஒரு ரூபா செலவுகூடக் கழிக்க முடியாது," என்றாள் ஸ்ரீபெரும்புதூர் ஆடிட்டர் வசுதா. "நடுவர் ஃபீஸ்னு போட்டிருந்தா ஷூ, பஸ் சார்ஜ், நடுவர் பரீட்சைக்குக் கட்டினது எல்லாத்தையும் கழிச்சிருக்கலாம்."

தப்பு எங்கே நடந்தது என்று காந்திமதிக்கு உடனே புரிந்துவிட்டது. கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் அந்த லீக்கில் நடுவரின் பணத்தைச் சும்மா கொடுக்க மாட்டார்கள். கோப்பை வாங்கும் அணியோடு மேடையேற்றி, சால்வை போர்த்தி, செக்கைக் கவரில் வைத்து நீட்டுவார்கள். கணக்கு எழுதியவர் அவளையும் பரிசுப் பட்டியலில் தள்ளிவிட்டார். கொளுத்தும் வெயிலில் தொண்டை வறள நின்றதற்குப் பெயர் பரிசா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லீக் செயலாளர் வனமாமலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஃபீஸ் என்று மாற்றித் தரும்படி அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மேடையில சால்வ போத்தி மரியாதையாத்தான குடுத்தோம்? அதப் போயி கூலின்னு எழுதச் சொல்லுதியே!"

"கூலிதான் சார். பரிசு வாங்க நான் இன்னா கபடி பாடி ரெய்டா போனேன்?"

பார்க்கலாம் என்றார். ஒரு மாதம் செருப்புத் தேய நடந்தாள். அந்தச் செருப்பையும் எந்தச் செலவிலும் காட்ட முடியாது.

சேரப்பணஞ்சேரி மைதானத்தில் இந்த வருட இறுதியாட்டம். இரண்டு அணிகளும் களத்தில் இறங்கிவிட்டன. காந்திமதி மட்டும் கோட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஃபீஸ்னு திருத்தி அனுப்புறேன்னு லெட்டர்ல எழுதிக் கையெழுத்து போடுங்க சார். அப்பால விசில் ஊதுறேன்."

கூட்டம் கத்தத் தொடங்கியது. வனமாமலைக்கு முகம் சிவந்தது.

"ஒன்ன விட்டா ஆளில்லன்னு நெனப்போ?" என்று இரண்டாம் நடுவர் அப்பாவுவைக் கூப்பிட்டார். அப்பாவு இருபது வருடமாகச் சொன்ன இடத்தில் நின்று, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிற மனிதர். அவர் ஊதிவிட்டால் காந்திமதியின் பாடு அத்தோடு முடிந்தது.

அப்பாவு நிதானமாக வந்தார். "எனுக்கும் பரிசுன்னுதான் எழுதிக்கீதா சார்?"

"எல்லாருக்கும் அப்படித்தான்."

"அப்ப ரெண்டு லெட்டரா எழுதுங்க," என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

வேறு வழியில்லாமல் வனமாமலை தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார். முதல் கடிதத்தை நீட்டும்போது பல்லைக் கடித்தார். "இந்த லீக்ல ஒனக்கு இதான் கடைசி மேட்ச். பாத்துக்க."

அவர் நீட்டிய கடிதத்தைக் காந்திமதி வாங்கவில்லை.

"சரி சார். அப்ப இந்த மேட்சுக்கும் ஃபீஸ்னு சேத்து எழுதிக் குடுங்க."