காப்புக் கட்டும்வரை

நயினாதீவுக்குப் போகும் படகு குறிகட்டுவான் துறையில் பாதி நிரம்பியிருந்தபோது தனஞ்சயனுக்குத் தொலைபேசி வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்மப்பா வீட்டில் நிற்கலாம், மச்சாள் கஜனியோடு கடற்கரைக்குப் போகலாம் என்று பிள்ளைகள் இருவரும் துள்ளிக்கொண்டு நின்றார்கள். தனஞ்சயன் தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்து, மனைவி சர்மிதாவை ஓரமாகக் கூட்டிப்போனான். ஜெர்மனியில் கோயில் பூசைக்குப் போயிருந்த அவளுடைய தம்பி குருபரன் இரவு படுத்தவன் எழும்பவில்லை. கூட இருந்தவர் வீட்டுக்கு நேரே சொல்லப் பயந்து தனஞ்சயனுக்கு எடுத்திருக்கிறார்.

சர்மிதா துறையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழப்போனவளைத் தனஞ்சயன் தடுத்தான்.

அவளுடைய அப்பா சந்திரமௌலீசக் குருக்கள் தீவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் பூசை செய்பவர். மறுநாள் கொடியேற்றம். போன வருஷம் திருவிழா நெருங்கிய நேரத்தில் அவருடைய தமையன் செத்துப்போக, துடக்கு என்ற சாவுத் தீட்டு வந்து, வேறொரு குருக்கள் வந்து கொடியேற்றினார். அப்பா திருவிழா முடியுமட்டும் வீட்டுக்குள் கிடந்தார். வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்தார். செத்த செய்தி காதில் விழுந்தால்தான் துடக்கு. திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டிய பிறகு விழுந்தால், கடைசி நாள் தீர்த்தம் முடியும்வரை அவரைத் துடக்கு அண்டாது. குருக்கள் வீட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது.

"விடியக் காப்புக் கட்டி முடிய நீர் சொல்லும். அதுவரைக்கும் வாய் திறக்காதையும். அவருக்கு அந்தக் கோயிலை விட்டா வேறை என்ன இருக்கு?" என்றான் தனஞ்சயன்.

சொன்னவன் வேலை இருக்கிறதென்று பிள்ளைகளிடம் ஒரு சாட்டுச் சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்துக்கே பஸ் ஏறிவிட்டான். புத்தி சொல்லுகிறவர்கள் படகு ஏறுவதில்லை. சர்மிதா தலையாட்டியது அப்பாவுக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். அந்த வீட்டுப் படலையைத் திறந்து அதைச் சொல்லவேண்டிய வாய் தன் வாய்தானே என்ற பயம் அவளுக்கு. ஒரு நாள் தள்ளிப்போனால் போகட்டும் என்றிருந்தது.

கேட்டவளுக்குத் துடக்கு வந்துவிட்டது. அப்பாவைத் தொடக்கூடாது, கோயிலுக்குள் போகக்கூடாது. அதனால் மாதவிலக்கு என்று இன்னொரு பொய்யையும் கையோடு கொண்டுபோனாள். படலையில் வந்து கட்டிப்பிடிக்கப் பாய்ந்த தம்பியின் ஐந்து வயது மகள் கஜனியை, "கிட்ட வராதை பிள்ளை, மாமி தூரம்" என்று கைகாட்டி நிறுத்தினாள். தகப்பன் இல்லாத பிள்ளை முகம் சுருங்கி நின்றது. அம்மா கடைசி அறையில் பாய் போட்டுக் கொடுத்தாள்.

குருபரனின் மனைவி நிலுஷா ஜெர்மனி விசா வரும்வரை மாமன் மாமியோடு அங்கேதான் இருந்தாள். சனிக்கிழமை பின்னேரங்களில் குருபரன் வீடியோவில் வருவான். அன்றும் மூன்று பிள்ளைகளும் தலைவாரிப் பவுடர் பூசி போனுக்கு முன்னால் வரிசையாக இருந்தார்கள். அவன் எடுக்கவில்லை. கஜனி, மச்சான் மச்சாள் வந்திருக்கினம் என்று குரல் பதிந்து அனுப்பினாள். ஒரு சரி அடையாளம் மட்டும் விழுந்து அப்படியே நின்றது. அங்கேயும் கோயிலில் ஏதும் விசேஷமாக்கும் என்று நிலுஷா தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். அறைக்குள் இருந்த சர்மிதா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

கோயிலால் வந்த அப்பா முற்றத்தில் தள்ளி நின்று, தம்பி எடுத்தவனோ என்று கேட்டார். ஓம், சுகமாக இருக்கிறானாம் என்றாள். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

விடிய, நிலுஷா தலைநிறைய மல்லிகை வைத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள். கொடியேற்றத்தைப் போனில் எடுத்து அவருக்கு அனுப்பவேண்டும் என்றாள்.

"வடிவா இருக்கோ அக்கா?"

"வடிவா இருக்கு."

எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். சர்மிதா வெளிவீதிக்கும் அப்பால் ஒரு பூவரசின் கீழ் நின்றாள். மேளம் உச்சத்துக்குப் போய்க் கொடி ஏறியது. சனம் கலைந்த பிறகு அப்பா வாசலுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை அவள் கண்டதில்லை. தள்ளி நின்றே மணிக்கட்டைத் தூக்கிக் காப்பைக் காட்டினார்.

"ஒரு குறையும் இல்லைப் பிள்ளை. எனக்கு ஏதும் ஏலாமப் போனாலும் எண்டு கொடியேத்த வேலணை ஐயாவையும் வரச்சொன்னனான். மனுசன் நேற்றே வந்திட்டார். தேவைப்படேல்லை."

அவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாளா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று, தம்பி போய்விட்டான் என்று சொன்னாள்.

அவர் வாசல் தூணில் கை வைத்தார். 

"நீ எப்ப கேட்டனீ?"

"நேற்றுக் காலமை, குறிகட்டுவானிலை. உங்களுக்கு இந்த முறையும் திருவிழா போயிடும் எண்டு..."

"தமையனுக்குத் துடக்கு இருந்தனான். பெத்த பிள்ளைக்கு இருக்கமாட்டன் எண்டு நினைச்சனியோ?"

ஆண்பிள்ளை இல்லாத குருபரனுக்குக் கிரியை செய்யவேண்டியவர் அவர்தான். காப்போடு அதைச் செய்யக்கூடாது. அவள் காப்பை அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினாள். கட்டினதை அவிழ்க்க ஏலாது என்றார். காப்பை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

"இனி நான் அழக்கூடாது. தீர்த்தம் முடியுமட்டும் எனக்கு ஒருத்தரும் சாகேல்லை. நீ வீட்டை போய் அந்தப் பிள்ளைக்குச் சொல்லு."

உள்ளே மணி அடித்தது. அவர் திரும்பிப் போனார். மந்திரம் சொல்லும் குரல் ஒலிபெருக்கியில் பிசகாமல் வந்தது. அந்தப் பிசகாத குரலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அம்மா கோயில் மடைப்பள்ளியில் நின்றாள். வீட்டுக் குசினியில் நிலுஷா பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். சர்மிதா நேரே உள்ளே வந்தாள். ஐயர் வீட்டில் தூரமானவள் குசினிக்குள் கால் வைப்பதில்லை. நிலுஷா மறிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, நிறுத்தினாள். மேசையில் கிடந்த போனைப் பார்த்தாள். அதில் இன்னும் அந்த ஒரு சரிதான். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பூ வைச்சுக்கொண்டு வந்து கேக்கேக்கை உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

"ஓம்."

நிலுஷாவின் கை தலைக்குப் போனது. பூவைத் தொட்டது, எடுக்கவில்லை. கஜனி இன்னும் கொஞ்சம் தயிர் கேட்டாள். நிலுஷா ஊற்றினாள்.

"சாப்பிட்டு முடியட்டும்" என்றாள், பிள்ளையின் தலையைத் தடவியபடி. "பிறகு இவளுக்கு நீங்களே சொல்லுங்கோ. நேரம் பாத்துச் சொல்ல உங்களுக்குத்தானே தெரியும்."